அரைப் பேர்: அப்பாயியை ஏடுகளில் தேடிய கதை

2019இல் அப்பா இறந்தபோது ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கருமாதி நடந்தது. ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார். அப்பா, தாத்தா, பூட்டன் என்று சித்தப்பா தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். பெண்கள் வரிசையில் அப்பாவின் தாயான அப்பாயியின் பெயரைச் சொன்னோம். அப்பாயியின் மாமியார் பெயரை அத்தை எடுத்துக் கொடுத்தார். சடங்கு அதோடு முடிந்தது. "அப்பாயியைப் பெற்றவர் பெயர் என்ன?" என்று நான்தான் கேட்டேன். ஐயர் கேட்கவில்லை, சடங்குக்கு அது தேவைப்படவும் இல்லை. படித்துறையில் எங்கள் குடும்பத்தார் பதினான்கு பேர் இருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

என்னைத் தூக்கி வளர்த்தவர் அப்பாயி. 1994இல் அவர் இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அவரைப் பற்றி வீட்டில் சொல்லப்பட்டதெல்லாம் நான்கு வரிக்குள் அடங்கிவிடும். முசிறிப் பக்கத்திலிருந்து தாத்தாவோடு இலங்கைக்குப் போனார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். 1971இல் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகச் சொந்த ஊருக்குத் திரும்பினார். சர்க்கரை நோயில் இறந்தார். இந்த நான்கில் முதல் வரியே தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

பெயர்களை இங்கே நான் எழுதப்போவதில்லை. இரண்டு நாடுகளிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். இதில் வரும் நிலம் இன்று வேறொரு குடும்பத்தினுடையது. ஆனால் தேடிய வழியை ஒளிக்காமல் எழுதுகிறேன். இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய லட்சக்கணக்கானோரில் ஒருவருக்காவது இது பயன்படும்.

முதல் ஆண்டு முழுவதும் வீணானது. தாத்தாவின் காகிதங்களிலேயே அப்பாயியைத் தேடிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர், அவர் தந்தை பெயர், இந்தியாவில் பூர்வீகக் கிராமம், தோட்டத்தின் பெயர் எல்லாம் இருந்தன. அப்பாயிக்கு இருந்தது "மனைவி, வயது 41" என்ற ஒரு வரி. 1985ஆம் ஆண்டு ரேஷன் கார்டில் அவருக்கு வயது 48. இறப்புச் சான்றிதழில் 70. ஒன்றின்படி 1930இல் பிறந்திருக்க வேண்டும், மற்றொன்றின்படி 1937இல், மூன்றாவதின்படி 1924இல். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். அப்படிச் செய்யவே கூடாது. இறப்பன்று வயதைச் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று பின்னால் சித்தப்பா சொன்னார். ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிகிற வயதுகள் பெரும்பாலும் கண்மதிப்பாகச் சொன்னவை. நிகழ்ச்சிக்கு மிக அருகில் எழுதப்பட்டது எது, எழுதும்போது சரியான வயதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்தது என்று பார்க்க வேண்டும். அந்த வகையில் பாஸ்போர்ட்டையே நம்பினேன். பிறகு அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் நின்றது.

இந்தக் குழப்பத்தில்தான் ஒரு கேள்வி எனக்குப் பிடிபட்டது. எந்தக் காகிதத்தை எடுத்தாலும், "இதை எழுதியவருக்கு இந்தப் பெண்ணின் பெயர் எதற்குத் தேவைப்பட்டது?" என்று கேட்கத் தொடங்கினேன். ரேஷன் கார்டுக்கு அவர் பெயர் ஒரு தலைக்கணக்கு. பாஸ்போர்ட்டுக்கு அவர் தாத்தாவோடு ஒட்டிய ஓர் ஆள். அவருடைய தாய், பிறந்த ஊர் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை; அதனால் எழுதவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிவான பெண்கள் ஏறக்குறைய 28 லட்சம் பேரைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. தங்கள் பெயரைச் சொல்ல அவர்கள் கூசினார்கள் என்று எழுதுகிறார்கள். அதுவரை ஓர் அரசாங்க ஏட்டுக்கும் அந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அப்பாயியின் பெயர் அவருக்காகவே தேவைப்பட்ட இடம் எது? இப்படிக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது அரசாங்கம் அல்ல, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த மொய் நோட்டுகள்.

நம் குடும்ப வழக்கங்கள் பெண்ணின் பிறந்த வீட்டை முழுவதும் மறந்துவிடுவதில்லை. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்தாக வேண்டும். அது வராமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். ஆகவே 1994இல் அப்பாயிக்குக் கோடி போட்டவர் யார் என்று கேட்டேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்ததாகச் சித்தப்பாவுக்கு மங்கலான நினைவு. கருமாதி மொய் நோட்டைத் தேடி எடுத்தேன். மொய் நோட்டில் ஊர்ப் பெயர்தான் முதலில் வரும், பிறகு ஆள் பெயர், பிறகு தொகை. மூன்றாம் பக்கத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு கிராமத்தின் பெயர். அதற்கு நேரே இரண்டு பேர், இருவருக்கும் ஒரே தொகை, பக்கத்தில் சிறிய எழுத்தில் "பிறந்த வகை". எங்கள் குடும்பத்திலேயே யாரோ ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்துவிட்டார். நாங்கள் திறந்து பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் பழைய மொய் நோட்டுகள் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பத்திரங்களைவிட அவற்றில் உறவு தெளிவாக இருக்கிறது.

அடுத்து அத்தையைப் பார்க்க நீலகிரியில் உள்ள பந்தலூருக்குப் போனேன். திரும்பி வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவர் கணவருக்கு வேலை கிடைத்தது. அன்று முதல் அங்கேதான் இருக்கிறார். அத்தை தோட்டத்தில் பிறந்து பதினாறு வயதில் கப்பல் ஏறியவர். முதல் நாள் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த ஆண்டு, எந்தத் தேதி, யார் பெயர் என்றெல்லாம் கேட்டேன். ஒன்றும் நகரவில்லை. "எனக்கு என்ன கண்ணு தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் தாளை எடுக்காமல், தோட்டத்தில் விடிந்ததிலிருந்து என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டேன். தப்பு அடிக்கிற ஓசை, பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவது, பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறுவது, லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராக்களில் யாருக்கு அடுத்து யார் இருந்தார்கள் என்று அவர் பேசிக்கொண்டே போனார். லயத்தின் ஒவ்வொரு காம்பராவையும் வரிசையாகச் சொல்லச் சொல்லி ஒரு படம் வரைந்தேன். நான்காவது காம்பராவில் இருந்த கிழவியை "துறையூர் ஆயா" என்றார். அப்பாயிக்கு அவர் சித்தி முறையாம். கங்காணிகள் ஒரே வட்டாரத்திலிருந்து, பெரும்பாலும் தங்கள் உறவுக்குள்ளேயே ஆள் கட்டிக்கொண்டு போனவர்கள். ஆகவே லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் ஊரிலும் பக்கத்துத் தெருக்காரராக இருக்க வாய்ப்பு உண்டு. ஓர் ஆளின் தடம் மறைந்துவிட்டால் அவருடைய அண்டை வீட்டாரைத் தேட வேண்டும் என்பதை அந்தப் படத்திலிருந்து கற்றுக்கொண்டேன்.

அன்று மாலை அத்தை பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். மழை நாளில் கொழுந்து எடை குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர்தான் போடுவார்கள் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாயியும் அப்படிச் சொல்வார். முடியாமல் படுத்திருக்கிற நாளில், "இன்றைக்கு எனக்கு அரைப் பேர்தான்" என்பார். தன் பெயரில் பாதியைச் சொல்கிறார் என்று சிறு வயதில் நினைத்திருக்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கே பேர் என்றுதான் பெயர். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயருக்கு நேரே அப்படித்தான் பதிவார்கள்.

என் கேள்விக்கு அங்கே ஒரு விடை இருந்தது. ஊரில் பெண் இன்னாரின் சம்சாரம். தோட்டத்தில் அவள் தனி ஆள், தனிப் பெயர், தனிக் கணக்கு. காரணம் நல்லெண்ணம் அல்ல. 1927இல் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது ஆணுக்கு ஒரு விகிதமும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த விகிதமும் வைத்தார்கள். 1984 வரை தோட்டத்துப் பெண்களுக்கு ஆணுக்குச் சமமான கூலி இல்லை. குறைத்துக் கொடுப்பதற்காகவே பெண்ணைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஊழியர் சேமலாப நிதியிலும் (நம் ஊர் வருங்கால வைப்பு நிதி போன்றது) பெண் தொழிலாளிக்குத் தனிக் கணக்கு எண் உண்டு. அத்தையிடம் இருந்த ஒரு துணிப்பையில் அப்பாயியின் அந்த எண் எழுதிய சீட்டு கிடைத்தது. வேறு எவரோடும் ஒட்டாமல் அப்பாயியின் பெயர் மட்டும் இருந்த முதல் காகிதம் அதுதான்.

அதே பையில்தான் பெரிய திறப்பும் இருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பழுப்புத் தாள்கள், துருப்பிடித்த குண்டூசியில். தாத்தா இலங்கைக் குடியுரிமை கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலும், அதை மறுத்த ஆணையும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காகிதத்தைப் புரிந்துகொள்ளச் சட்டத்தைப் புரிந்துகொண்டாக வேண்டும். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் பெரும்பாலும் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் அங்கே வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பிக்கிற நாள் வரையிலும் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். மணமானவர் என்றால் மனைவியும் அங்கேயே வசித்தவர் என்று காட்ட வேண்டும். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரைதான் அவகாசம்.

மனைவி அங்கே வசித்தவர் என்று காட்ட வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையால் அப்பாயி ஏட்டுக்குள் வந்தார். தாத்தாவின் விண்ணப்பத்தில் மனைவிக்கான ஆதாரமாக ஒரு பிறப்புப் பதிவு எண், 1931ஆம் ஆண்டுத் தேதி, ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தின் பெயர்.

அப்பாயி இலங்கையில் பிறந்தவர். முசிறியிலிருந்து அவர் போகவே இல்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபோது 9,75,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அப்படி வந்தவர்களுக்கு நம் அரசாங்கம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். எங்கள் வீட்டிலும் பெருமையாக அதையே சொல்வோம். அப்பாயி எதற்குத் திரும்பினார்? நாற்பதாவது வயதில், நான்கு பிள்ளைகளோடு, தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு நாட்டில் இறக்கிவிடப்பட்டார். ஊருக்கு வந்த புதிதில் அவர் யாரோடும் பேசாமல் இருந்ததை ஊமைக்கோட்டான் என்று கேலி செய்தார்களாம். கேலி செய்தவர்களில் எங்கள் உறவினரும் உண்டு.

பதிவு எண் இருந்தும் பிறப்புச் சான்று உடனே கிடைக்கவில்லை. ஹட்டனில் இருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் எங்களுக்காக விண்ணப்பம் கொடுத்தார். முதல் முறை பெயரை வைத்துத் தேடச் சொன்னோம், அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வந்தது. இரண்டாம் முறை எண்ணையும் தேதியையும் மட்டும் கொடுத்தோம். பக்கம் கிடைத்துவிட்டது. பெயரை வைத்துத் தேடியபோது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு நகலே விடை சொன்னது. குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. தோட்டத்தில் பிறந்த குழந்தையைப் பற்றித் தோட்ட நிர்வாகியான துரைதான் பதிவுக்கு அறிவிப்பார். பிறந்த சில நாட்களுக்குள், பெயர் சூட்டும் முன்பே, அது ஏட்டில் ஏறிவிட்டது. ஒரு பதிவு இல்லை என்ற பதில் வந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். கேட்ட விதத்தை மாற்றி ஒருமுறை கேட்க வேண்டும்.

தந்தை பெயர்க் கட்டமும் காலி. பெற்றோருக்கு மணமாயிற்றா என்ற கட்டத்தில் இல்லை என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்த ஒரே பெயர், தாயின் பெயர். தந்தை பெயர் இருந்திருந்தால் அவருக்குப் பின்னால் வழக்கம்போல அந்தப் பெண் மறைந்திருப்பார். படித்துறையில் பதினான்கு பேருக்குத் தெரியாத பெயர், தந்தைக்கு இடமில்லாத அந்தக் காகிதத்தில் முழுதாக இருந்தது.

சித்தப்பா நகலைப் பார்த்துவிட்டு முகம் கறுத்தார். "இதை யாரிடமும் காட்டாதே. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எதற்கு இந்த அசிங்கம்?" என்றார். அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒரு மாதம் தேடலை நிறுத்தினேன். பிறகு அத்தையிடம் மட்டும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினால் துரைக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அப்படித்தானே எழுதியிருக்கிறார்கள்" என்று தன்னுடைய பிறப்புச் சான்றை எடுத்துக் காட்டினார். அதிலும் அதே இல்லை. கோயிலிலும் லயத்திலும் உறவினர் முன் நடந்த கல்யாணங்கள் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை. பதிவாகாத கல்யாணம் ஏட்டுக்குக் கல்யாணம் இல்லை. அத்தையின் சான்றைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியதும், தன்னுடையதையும் எடுத்துப் பார்த்தார். பிறகு அவரே எனக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்துத் துறையூருக்கு அனுப்பினார். குடும்பத் தேடலில் இப்படிப்பட்ட பக்கங்கள் வரத்தான் செய்யும். ஒற்றைக் காகிதத்தை வைத்து ஒருவரின் ஒழுக்கத்தைப் பேசாமல், அதே ஆண்டுகளில் அதே இடத்தில் எழுதிய இன்னும் சில பதிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெயரின் எழுத்து பற்றி ஒரு சொல். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதை மறுபடி தமிழாக்கியவர் கண்ணில் பட்டபடி எழுதியிருப்பார். ழகரம் லகரமாகும், ஆயி ஐ ஆகிவிடும், பின்னால் அம்மாள் ஒட்டிக்கொள்ளும் அல்லது உதிரும். அப்பாயியின் தாயான என் பூட்டியின் பெயரை நான்கு விதமாகப் பார்த்துவிட்டேன். கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் நான்கும் நான்கு பேர் போலத் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் ஒரே பெண் வருவார்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில், மொய் நோட்டில் இருந்த இருவரும் இறந்துவிட்டார்கள். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதான பெண்கள் இருவரிடம் பூட்டியின் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. இலங்கைக்குப் போனவர், கொழுந்து பறித்தவர், தம்பி வீடு இங்கேதான் என்று சொல்லிப் பார்த்தேன். சட்டென்று ஒருவர், "கண்டிக்காரியா?" என்றார். இலங்கையை அங்கே கண்டி என்றுதான் சொல்வார்கள். ஊருக்குக் கிழக்கே ஒரு மேட்டு நிலத்தைக் காட்டி, "அது கண்டிக்காரி காடு" என்றார். யார் அந்தக் கண்டிக்காரி என்று அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்த நிலத்தின் பெயர் அதுதான்.

நிலத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் இன்றைய சர்வே எண்ணைப் பார்த்துக்கொண்டேன். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது உட்பிரிவுகள் மாறியிருக்கும், ஆகவே பழைய எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பதிவுகளுக்குக் கையால் எழுதிய அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்களின் பெயர் வரிசையில், இரண்டாவது சொத்து வரிசையில். பெயர் நான்கு விதமாகத் திரிந்து கிடக்கும் ஒரு பெண்ணைத் தேட முதல் அட்டவணை உதவாது, இரண்டாவதைக் கேளுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், நகலும் கேட்கலாம். உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகத்தை அப்படிப் பார்வையிட முடியாது; உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் நகல் கேட்கலாம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு முதலிலேயே ஓடிவிடாதீர்கள் என்றும் சொல்வேன். அங்கே அரசாணைகளும் பெரிய விவகாரங்களும் இருக்கின்றன. நம் பாட்டிமார்கள் சார்பதிவாளர் அலுவலகத்து அட்டவணைகளில்தான் இருக்கிறார்கள்.

1938ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. நிலத்தை வாங்கியவர் பூட்டி. இன்னார் சம்சாரம் என்று இல்லாமல், இன்னார் மகள் என்று இருந்தது. அதற்குப் பின்னால், "தற்சமயம் கண்டிச் சீமையில் ஜீவனம்" என்று எழுதியிருந்தது. கிரயத் தொகையை அவருடைய தம்பி கையால் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக விற்றவர் ஒப்புக்கொள்கிறார். மொய் நோட்டில் இருந்த இருவரும் அந்தத் தம்பியின் மகன்கள். பத்திரத்துக்குப் பூட்டியின் பெயர் ஏன் தேவைப்பட்டது என்பது வெளிப்படை. பணம் அவருடையது. ஆணைவிடக் குறைவாகக் கிடைத்த கூலியில், மழையில் அரைப் பேர் போட்ட நாட்களையும் தாங்கி, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் தன் பெயரில் நிலம் வாங்கியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாவது பத்திரம் 1949ஆம் ஆண்டுக்குரியது. அதே நிலத்தைப் பூட்டி விற்கிறார். வாங்குபவர் வராமல் இருக்கலாம், ஆனால் எழுதிக் கொடுப்பவர், வேறொருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால் ஒழிய, பதிவுக்கு வந்தாக வேண்டும். அப்படியானால் 1949இல் பூட்டி இங்கே இருந்திருக்கிறார். நகலில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை என்று எழுத்தர் குறித்திருந்தார். அதற்குக் கீழே, ஆளை அடையாளம் காட்டிய சாட்சிகளில் இரண்டாவது பெயர் என் தாத்தாவினுடையது.

அறைக்கு வந்ததும் பழுப்புத் தாள்களை மறுபடி விரித்தேன். தாத்தாவின் விண்ணப்பத்தை மறுத்ததற்குக் காரணம், அவர் 1949இலிருந்து 1950 வரை பதினான்கு மாதங்கள் இந்தியாவில் இருந்தது. பன்னிரண்டைத் தாண்டி இரண்டு மாதம். எதற்குப் போனார் என்று ஆணையில் இல்லை. பத்திரத்தில் இருக்கிறது. மாமியாரை அழைத்துக்கொண்டு நிலத்தை விற்க வந்திருக்கிறார். அந்த இரண்டு மாதம் ஏன் கூடுதலாகத் தங்கினார் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. பூட்டிக்கு உடம்பு முடியாமல் போயிருக்கலாம் என்று அத்தை நினைக்கிறார். பூட்டி தோட்டத்துக்குத் திரும்பியதாக அவருக்கு நினைவில்லை. லயத்தில் பார்த்ததே இல்லை என்கிறார். 1971இல் அப்பாயி கப்பல் ஏறியதற்கு ஒப்பந்தங்களும் சட்டங்களும் காரணம். அவற்றோடு இந்த இரண்டு மாதமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். பத்திரம் தனியாகவும் ஆணை தனியாகவும் இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. கிடைத்த எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் எங்கே பார்த்தேன், யார் சொன்னார், எந்த நாள் என்று எழுதுவதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டில் நான் எழுதாமல் விட்ட ஏழெட்டுச் செய்திகள் இன்று யார் சொன்னவை என்று தெரியாமல் பயனற்றுக் கிடக்கின்றன.

சென்ற ஆண்டு அத்தையையும் அழைத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். நிலத்தின் இன்றைய சொந்தக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பழைய பத்திரத்தைத் தேடிக்கொண்டு வருகிறவர் என்றால் வழக்குப் போட வந்தவர் என்றுதானே யாரும் நினைப்பார்கள். நிலத்தின் மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, ரேகையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அத்தை சொன்னார். அந்த வீட்டுப் பெரியவர் உள்ளே போய் மூலப் பத்திரத்தை எடுத்து வந்தார். மடிப்புகளில் துணி ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை, என் விரலைவிடச் சிறியது. அதன் குறுக்கே மை ஒட்டாத ஒரு மெல்லிய கோடு. பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து, தமிழில், கடைசி எழுத்தைக் கீழே இழுத்து, எங்கள் மொய் நோட்டுகளில் இருப்பது போலவே.

அத்தை தன் பெருவிரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில், தொடாமல், சிறிது நேரம் வைத்திருந்தார். பெரியவரின் மனைவி எங்களைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கிளம்பும்போது, "உங்கள் பூட்டி பேர் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.